கண்ணால் கண்டதை வரைக: பள்ளிச் சிறாரும் இயற்கைக் காட்சி ஓவியமும்

ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் எழுதுவது

சாலை, குடிநீர், மதகு, களம், விதை, உரம் ஆகியவற்றைப் பற்றியே இத்தகைய ஏடுகளில் படித்துப் பழகிய பஞ்சாயத்து அன்பர்களும் குடியானவப் பெருமக்களும், ஓவியத்தைப் பற்றி ஒரு கட்டுரையைக் கண்டவுடன் சற்றே வியப்படையலாம். "வயிற்றுப்பாட்டுக்கு வழி தேடும் கிராமத்தில் வண்ணமும் தூரிகையும் எதற்கு?" என்று கேட்பவர்களும் இருக்கலாம். அக்கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கூறுவதும், பள்ளிப் பிள்ளைகளைத் திறந்தவெளிக்கு அழைத்துச் சென்று இயற்கைக் காட்சிகளை வரையச் செய்வது எவ்வாறு என்பதை முறையாக விளக்குவதுமே இக்கட்டுரையின் நோக்கம். திருவள்ளூர் மாவட்டத்தையும், குறிப்பாகக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியைச் சூழ்ந்த கிராமங்களையும் மனத்திற்கொண்டே நாம் இதனை எழுதுகின்றோம். எனினும் இதிற் கூறப்படுவன ஏனைய மாவட்டங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

மனப்பாடப் படம்

நம் பள்ளிகளில் எந்த வகுப்பிற்குச் சென்று "ஓர் இயற்கைக் காட்சி வரையுங்கள்" என்று கூறினாலும், பத்தில் எட்டுப் பிள்ளைகள் ஒரே படத்தைத்தான் வரைவார்கள். முக்கோண வடிவில் இரண்டு மலைகள். அவற்றிற்கு நடுவே கதிர் விரித்த சூரியன். மலையினின்றும் நெளிந்து வரும் ஓர் ஆறு. கரையில் ஒரு குடிசை. அதன் அருகே ஒரு தென்னை. வானத்தில் நான்கு பறவைகள். கடலோரத்துப் பிள்ளையும் இதனையே வரைகிறது. மலையடிவாரத்துப் பிள்ளையும் இதனையே வரைகிறது. பழவேற்காட்டில் நின்று நான்கு திசையும் நோக்கினால் தட்டையான நிலமும் நீருமே தெரியும். ஆயினும் அவ்வூர்ப் பிள்ளையின் தாளிலும் இரட்டை மலை எழுந்து நிற்கிறது.

இது பிள்ளையின் குற்றமன்று. வாய்பாட்டை மனப்பாடம் செய்வதுபோல் படத்தையும் மனப்பாடம் செய்யக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். கரும்பலகையில் ஆசிரியர் வரைந்ததை, அல்லது கடையில் விற்கும் ஓவியப் புத்தகத்தில் உள்ளதைப் பார்த்து எழுதுவதே ஓவியம் என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. இதனால் நேரும் இழப்பு ஓவியத்தோடு நின்றுவிடுவதில்லை. தன் ஊரின் வானம் எப்படியிருக்கும், ஏரிக்கரையில் எந்த மரம் நிற்கிறது, நீர் எந்த மாதத்தில் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பவற்றை ஒருமுறையேனும் உற்றுப் பார்க்காமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிடுகிறது. பார்க்காததைக் காப்பாற்ற எவராலும் இயலாது.

பிறர் கண்ட அனுபவம்

நூறாண்டுகளுக்கு முன்னர் ஜப்பான் நாட்டிலும் இதே நிலை இருந்தது. அந்நாட்டுப் பள்ளிகளில் பாடப்புத்தகப் படங்களை அப்படியே பார்த்து வரைவதே ஓவியப் பாடமாக இருந்தது. யமமோட்டோ கனாயே என்னும் ஓவியர் அதனை மறுத்தார். பிள்ளைகள் இயற்கையை நேரே கண்டு, தம் விருப்பப்படி வரைய வேண்டும் என்றார். நாகானோ மாநிலத்துக் கங்காவா என்னும் கிராமத்துப் பள்ளியில் 1919-ஆம் ஆண்டு சிறுவர்களின் சுயேச்சை ஓவியக் கண்காட்சியை நடத்தினார். அதே கிராமத்திலேயே, குளிர்காலத்தில் வேலையின்றி இருக்கும் குடியானவர்கள் கைவினைப் பொருள்கள் செய்து விற்பதற்கான இயக்கத்தையும் அதே ஆண்டில் அவர் தொடங்கினார் என்பது நம் கவனத்திற்குரியது. பிள்ளையின் ஓவியமும் குடியானவனின் வருவாயும் அவருக்கு வெவ்வேறு காரியங்களாகத் தோன்றவில்லை. இன்று நம் ஊர்க் கடைகளில் விற்கும் எண்ணெய் வண்ணக்கட்டிகள் 1920-களில் ஜப்பானில் உருவானதற்கும் அவருடைய இயக்கம் ஒரு தூண்டுகோலாக இருந்தது.

நம் நாட்டில் இரவீந்திரநாத தாகூர் 1901-இல் சாந்திநிகேதனத்தில் பள்ளி தொடங்கி, மரத்தடியில் பாடம் நடத்துவதை வழக்கமாக்கினார். 1919-இல் அங்கே கலாபவனம் நிறுவப்பட்டது. அதனை நெடுங்காலம் தலைமை தாங்கி நடத்திய நந்தலால் போஸ், சுற்றுப்புறத்துக் கிராமங்களையும் வயல்களையும் மாணவர்களின் பாடப்புத்தகமாக ஆக்கினார். 1938-இல் ஹரிபுராவில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, காந்தியடிகளின் வேண்டுகோளுக்கிணங்க அவர் தீட்டிய படங்களில் உழவரும், குயவரும், தச்சரும், தாய்மாரும் இடம் பெற்றார்கள். கிராமத்தை உற்றுப் பார்த்துப் பழகிய கண்ணுக்கன்றி அத்தகைய படங்கள் கைவந்திரா.

தமிழ்நாட்டிற்கு வருவோம். 1850-இல் தொடங்கப்பெற்ற சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்து, 1957-இல் அதற்கே முதல்வரான கே. சி. எஸ். பணிக்கர், இளமையில் நீர்வண்ணத்தில் இயற்கைக் காட்சிகளைத் தீட்டியே பெயர் பெற்றவர். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவரும் அவரே. சிறுவர்களைப் பொறுத்தவரை, கேலிச்சித்திர ஓவியர் சங்கர் 1949-இல் தொடங்கிய சிறுவர் ஓவியப் போட்டியும், 1952 முதல் தில்லியில் பிள்ளைகளைத் திறந்தவெளியில் ஒன்றுகூட்டி அங்கேயே வரையச் செய்த போட்டியும் நாடறிந்தவை. ஆகவே நாம் சொல்வது புதுமையன்று. பலரும் நடந்து தேறிய பாதையே.

எங்கே செல்லலாம்?

முதற் சுற்றுலாவிற்கு ஊர் ஏரிக்கரையே போதும். வண்டிச் செலவில்லை, அனுமதிக்கு அலைய வேண்டியதில்லை, பெற்றோர் அருகிலேயே இருப்பார்கள். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரிகளின் மாவட்டம் என்பார்கள். அதிலிருந்து 1997-இல் பிரிந்த திருவள்ளூர் மாவட்டத்திற்கும் அப்பெயர் பொருந்தும். கரை, மதகு, கலங்கல், பனைவரிசை, ஆயக்கட்டு வயல் ஆகிய ஐந்தும் ஒரே பார்வையில் அடங்கும் இடம் ஏரிக்கரையன்றி வேறில்லை.

அடுத்த நிலையில் பின்வரும் இடங்களைக் கருதலாம்.

பூண்டி நீர்த்தேக்கம். கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டப்பட்டு 1944-இல் நிறைவுற்ற இந்நீர்த்தேக்கம், சென்னை நகரின் மேயராக விளங்கிய தீரர் சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கியது. இதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. முழு உயரம் 35 அடி. மேற்கே நோக்கினால் அல்லிக்குழி மலைத்தொடர் நீலமாகத் தெரியும். மெய்யான மலை எப்படியிருக்கும், அது முக்கோணமாக இருக்கிறதா என்பதைப் பிள்ளைகள் நேரே கண்டு தெளிய இதைவிட நல்ல இடமில்லை. அங்குள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தில் கற்காலக் கருவிகளையும் காட்டலாம். அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் இராபர்ட் புரூஸ் ஃபுட் 1863-இல் கற்கருவிகளைக் கண்டெடுத்தார் என்பதைச் சொன்னால், தாம் வரையும் மண் எவ்வளவு பழைமையானது என்பதைச் சிறுவர்கள் உணர்வார்கள்.

பழவேற்காடு ஏரி. சில்காவிற்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் இருப்பினும், தென்முனையும் பழவேற்காடு ஊரும் நம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆரணியாறு இதிற் கலக்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் ஆழமற்ற நீரில் கூட்டங்கூட்டமாக நிற்கும். டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்திரியாக் கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றும் உள்ளது. படகும், வலையும், அகன்ற வானமும் வரைவதற்கு இவ்விடம் ஏற்றது.

கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம். கும்மிடிப்பூண்டி வட்டத்தில் 500 மில்லியன் கன அடி கொள்ளளவோடு அமைந்து 2020-இல் திறக்கப்பெற்றது. புதிய நீர்நிலை ஒன்று தன்னைச் சுற்றிலும் எவ்வாறு ஒரு நிலக்காட்சியை உண்டாக்குகிறது என்பதை இங்கே காணலாம்.

ஆலையையும் வரையலாமா?

கும்மிடிப்பூண்டிப் பகுதியில் உள்ள ஆசிரியர்கள் நம்மிடம் கேட்பது இது. சிப்காட் வளாகத்தின் கூரைகளும், புகைபோக்கிகளும், உயர் மின்கோபுரங்களும், கூடூர் செல்லும் இரயில் பாதையும் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணிற் படுகின்றன. "இயற்கைக் காட்சியில் இவற்றைச் சேர்க்கலாமா? விட்டுவிடச் சொல்லலாமா?"

சேர்க்க வேண்டும் என்பதே நம் கருத்து. அப்புகைபோக்கியின் கீழேதான் அப்பிள்ளையின் தந்தையோ தமையனோ வேலை செய்கிறார். அவ்வேலையால் வந்த ஊதியமே அவ்வீட்டு அடுப்பை எரிக்கிறது. அதனை மறைத்துவிட்டு மலையையும் சூரியனையும் வரையச் சொல்வது பொய்யைக் கற்பிப்பதாகும். அதே சமயம், புகை என்றால் கறுப்பு என்று மனப்பாடமாகத் தீட்டுவதும் பொய்யே. எந்தப் புகைபோக்கியிலிருந்து வெண்மையான நீராவி எழுகிறது, எதிலிருந்து பழுப்பு நிறம் வருகிறது, காற்று அதனை எத்திசைக்குக் கொண்டு செல்கிறது, அது எவ்வளவு தூரத்தில் கரைகிறது என்பதைப் பார்த்துத் தீட்டட்டும். ஓடையின் நீர் தெளிவாக இருந்தால் தெளிவாகவும், கலங்கியிருந்தால் கலங்கியும் தீட்டட்டும். புகழவும் வேண்டா, பழிக்கவும் வேண்டா. உள்ளதை உள்ளபடி காண்பதே முதற் பாடம்.

இன்னொன்றையும் இங்கே கூற வேண்டும். ஆலைகளிலும் செங்கற்சூளைகளிலும் வேலை செய்ய ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்துள்ள குடும்பங்களின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் அமர்ந்திருக்கிறார்கள். தமிழ்ப் பாடத்தில் அவர்கள் பின்தங்குவார்கள். வகுப்பில் வாய் திறக்க அஞ்சுவார்கள். ஓவியத்திற்கு மொழி தடையில்லை. ஏரிக்கரையில் அமர்ந்து வரையும் இரண்டு மணி நேரம், அப்பிள்ளை மற்றவர்களோடு சமமாக இருக்கும் இரண்டு மணி நேரமாகும். பக்கத்தில் இருப்பவன் "இது பனை" என்று கூற, அவனும் "பனை" என்று கூறிக் கற்றுக்கொள்வான். ஆகவே அவர்களை முதலில் அழைத்துச் செல்லுங்கள். எக்காரணத்தாலும் விட்டுச் செல்லாதீர்கள்.

எப்போது செல்வது?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், தை, மாசி மாதங்களே மிகச் சிறந்தவை. ஏரிகளில் நீர் இருக்கும், வெயில் கடுமையாகாது. சம்பா கதிர் முற்றிப் பொன்னிறமாகவும், நவரை நடவு இளம்பச்சையாகவும் அடுத்தடுத்த வயல்களில் நிற்கும். ஒரே வரப்பின் இருபுறமும் இரண்டு வண்ணங்கள் நிற்பதைக் காட்ட இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

காலை 7 மணி முதல் 9 மணி வரையிலான வெளிச்சம் உகந்தது. சூரியன் சாய்ந்திருப்பதால் நிழல் நீளும். மரத்தின் ஒருபுறம் ஒளியும் மறுபுறம் இருளும் தெளிவாகப் புலப்படும். உச்சிப்பொழுதில் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். பொருள்கள் தட்டையாகத் தோன்றும். பிள்ளைகளும் களைத்துப் போவார்கள்.

வேண்டிய கருவிகள்

ஒரு காலத்தில் ஐரோப்பிய ஓவியர்கள் வண்ணத்தைப் பன்றியின் நீர்ப்பையில் அடைத்து எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. 1841-இல் ஜான் காஃப் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர் பிதுக்கி எடுக்கும் உலோகக் குழாயைக் கண்டுபிடித்தபின்னரே எண்ணெய் வண்ணத்தோடு வெளியே செல்வது எளிதாயிற்று. நமக்கு அத்தனை துன்பமில்லை. பின்வருவன போதும்.

1. ஆளுக்கு இரண்டு கெட்டித் தாள். மெல்லிய தாள் நீர் பட்டவுடன் சுருங்கிவிடும்.

2. தாளை வைக்கப் பரீட்சை அட்டை. நான்கு மூலையிலும் ஒட்டு நாடா ஒட்டிவிட்டால் காற்றில் பறக்காது.

3. 3, 4, 5-ஆம் வகுப்பினருக்கு வண்ணக்கட்டிகள்; 6-ஆம் வகுப்புக்கு மேற்பட்டவர்களுக்கு நீர்வண்ணமும், பருத்தது ஒன்று, மெலிந்தது ஒன்று என இரு தூரிகைகளும்.

4. நீருக்குக் கொட்டாங்கச்சி, தூரிகை துடைக்கப் பழைய வேட்டித் துணி, வண்ணம் குழைக்க ஒரு பழைய பீங்கான் தட்டு.

5. நடுவே நான்கு விரற்கடை அளவில் சதுரத் துளை வெட்டிய ஓர் அட்டை. இதன் பயன் கீழே கூறப்படும்.

6. குடிநீர், தொப்பி அல்லது துண்டு, முதலுதவிப் பெட்டி.

தூரிகை கழுவிய நீரை ஏரியிற் கொட்டலாகாது. ஒரு வாளியிற் சேர்த்துக் கொண்டு வந்து தொலைவில் மண்ணிற் கொட்ட வேண்டும். ஏரியை மதிக்கக் கற்பிக்கச் சென்ற இடத்தில் ஏரியை அழுக்காக்குவது முறையன்று.

பாடம் நடத்தும் முறை

போய் அமர்ந்தவுடன் தாளைக் கொடுக்கலாகாது. முதற் பத்து நிமிடம் பார்ப்பதற்கு மட்டுமே. ஆசிரியர் வினாக்களைக் கேட்கட்டும். மிகத் தொலைவில் தெரிவது எது? மிக அருகில் உள்ளது எது? வானம் உச்சியிலும் அடியிலும் ஒரே நிறமா? நீரின் நிறம் என்ன? "நீலம்" என்று மனப்பாட விடை வரும். "நன்றாகப் பார்" என்று கூறினால், சாம்பல், பச்சை, மண் நிறம், வெள்ளி என விடைகள் மாறும். அந்த மாற்றமே பாடத்தின் தொடக்கம்.

பின்னர்த் துளையிட்ட அட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, எந்தப் பகுதியை வரைவது என்று ஒவ்வொரு பிள்ளையும் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். விரிந்து கிடக்கும் உலகம் முழுவதையும் ஒரு தாளில் அடைக்க முயல்வதாலேயே சிறுவர்கள் திகைத்து, மனப்பாடப் படத்திற்குத் திரும்பிவிடுகிறார்கள். சாளரம் சிறிதானால் திகைப்பும் குறையும்.

அடுத்து அடிவானக் கோடு. அது எப்போதும் நம் கண்மட்டத்தில் இருக்கும். அமர்ந்தால் தாழும், கரைமேல் ஏறினால் உயரும். இதனைப் பிள்ளைகளை எழுந்து அமரச் செய்தே விளக்கலாம். ஏரியின் நீர் மட்டம் படத்திற் சரியலாகாது. கரை வளையலாம், நெளியலாம்; நிற்கும் நீர் மட்டமாகவே நிற்கும்.

தொலைவைக் காட்டும் வழி வண்ணத்தில் உள்ளது. நமக்கும் மலைக்கும் இடையே உள்ள காற்றும், அதிலுள்ள ஈரமும் தூசும் ஒளியைச் சிதறச் செய்வதால் தொலைவிலுள்ளவை வெளிறி நீலம் பாய்ந்து தோன்றும். ஆகவே தொலைவுக்கு நீர் மிகுத்து வெளிர்நிறம். அருகுக்கு நீர் குறைத்து அழுத்தமான நிறம். நீர்வண்ணத்தில் வெளிர்நிறத்தை முதலிலும் அழுத்தமானதைப் பின்னரும் தீட்ட வேண்டும். முன்பின் மாறினால் திருத்துதல் கடினம்.

பச்சை என்பது ஒன்றன்று. குடியானவர் வீட்டுப் பிள்ளைக்கு இதைக் கற்பிக்க வேண்டியதே இல்லை, நினைவூட்டினாற் போதும். நாற்றங்கால் பச்சையில் மஞ்சள் மிகுதி. தூர்கட்டிய பயிரில் நீலம் கூடும். சவுக்குத் தோப்பு கரும்பச்சை. அதற்கு நீலத்தோடு சிறிது சிவப்பும் சேர வேண்டும். பனையோலை சாம்பல் பூத்த பச்சை. மஞ்சள், நீலம், சிவப்பு ஆகிய மூன்றை மட்டும் கொடுத்து, நான்கு வகைப் பச்சையைக் குழைத்துக் காட்டுமாறு கூறுங்கள். மஞ்சள் பாய்ந்த பயிரைக் கண்டு தழைச்சத்துக் குறையோ என ஐயுறும் குடியானவரின் கண்ணும் இதே கண்தான். இளமையிற் பழகிய கண் முதுமைவரை உதவும்.

நீரில் விழும் நிழலுரு, பொருளுக்கு நேர் கீழே விழும், பக்கவாட்டிற் சாயாது. வெண்மையான பொருளின் நிழலுரு சற்றுக் கருத்தும், கரிய பொருளின் நிழலுரு சற்று வெளிறியும் இருக்கும். சொல்லிவிடாமல், பிள்ளைகளே கண்டு கூறும்வரை பொறுத்திருத்தல் நலம்.

ஆசிரியர் செய்யக்கூடாதவை மூன்று. பிள்ளையின் தாளில் தாம் வரைந்து திருத்தலாகாது. "அழகாக இல்லை" என்று கூறலாகாது. முதற் பரிசு, இரண்டாம் பரிசு என்று அவ்விடத்திலேயே தரம் பிரித்தலும் ஆகாது. "நீ கண்டது இதில் இருக்கிறதா?" என்ற ஒரே கேள்வி போதும்.

பாதுகாப்பு

நீர்நிலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வதில் அணுவளவும் அசட்டை கூடாது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்த துயரத்தை நம் மாவட்டம் மறக்கவியலாது. ஆகவே படகுச் சவாரி எக்காரணத்தாலும் கூடாது. முகத்துவாரத்திற்கும் செல்ல வேண்டா. வரைவதற்குக் கரையே போதும்.

பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதமும், தலைமையாசிரியரின் அனுமதியும், நீர்த்தேக்கமாயின் நீர்வளத் துறையினரின் அனுமதியும் முன்னரே பெற வேண்டும். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் உடன் செல்ல வேண்டும்; அவர்களுள் நீந்தத் தெரிந்த உள்ளூர்க்காரர் இருவரேனும் இருத்தல் அவசியம். அமரும் இடத்திற்கும் நீருக்கும் இடையே கயிறு கட்டி எல்லை குறிக்க வேண்டும். அமரும் புல்தரையை முதலில் கோலால் தட்டிப் பார்க்க வேண்டும். மதகின்மேலும் கலங்கலின்மேலும் எவரும் ஏறலாகாது. இரயில் பாதையருகே அமரவே வேண்டா. ஒவ்வொரு மணிக்கும் தலையெண்ணிக்கை எடுக்க வேண்டும்.

படங்கள் ஊருக்குத் திரும்பட்டும்

வரைந்த படம் ஆசிரியரின் அலமாரியில் உறங்கினால் பாதிப் பயனே கிட்டும். ஒவ்வொரு படத்தின் பின்புறமும் பிள்ளையின் பெயர், வகுப்பு, இடம், தேதி, நேரம், அன்று நீர் நின்ற மட்டம் ஆகியவற்றை எழுதச் செய்து, கிராமசபை கூடும் நாளில் ஊரார் காணும்படி கயிற்றில் தொங்கவிட வேண்டும். தமிழ்நாட்டில் 2022 முதல் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அவற்றுள் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். மாசியில் வரைந்த ஏரிப் படங்களுக்கு அதைவிடப் பொருத்தமான மேடை எது?

இதனால் என்ன விளையும் என்பதற்கு நம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்ததைக் கூறுவோம். அவ்வூர் நடுநிலைப் பள்ளியில் 7-ஆம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் ஊர் ஏரியை வரைந்தாள். பனைவரிசைக்கும் நீருக்கும் நடுவே வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் இட்டிருந்தாள். ஆசிரியர் அவற்றைக் கொக்குகள் என்று எண்ணி, "கொக்கு நன்றாக இருக்கிறது" என்றார். "கொக்கு இல்லை சார், கல்" என்றாள் அவள். மனை பிரிப்பதற்காக நட்ட கற்கள் அவை. அவ்வழியே நாள்தோறும் நடந்த பெரியவர்கள் அவற்றைக் காணாமல் இல்லை. ஆனால் எவரும் நின்று பார்க்கவில்லை.

கிராமசபையில் அப்படம் தொங்கியபோது முதிய குடியானவர் ஒருவர் அதன் முன் வெகுநேரம் நின்றார். தம் இளமையில் கலங்கல் வழிந்த ஆண்டுகளில் நீர் அப்பனைகளின் தூர்வரை நின்றதென்று கூறினார். கூட்டத்தில் பேச்செழுந்தது. ஒருவர் மறுத்தார், மற்றொருவர் ஆமோதித்தார். முடிவில், அளந்து பார்ப்பதே வழியென்று தீர்மானம் நிறைவேறிற்று. நில அளவர் வந்து புலப்படத்தை வைத்து அளந்தார். பதினான்கு கற்களில் ஒன்பது பட்டா நிலத்திற்குள்ளும், ஐந்து ஏரிப் புறம்போக்கிற்குள்ளும் இருந்தன. அந்த ஐந்தும் அகற்றப்பட்டன. ஒன்பது நின்றன, நிற்பது முறையே.

இதனை நாம் பெருவெற்றியாகக் கூறவில்லை. அவ்வேரியின் வரத்துக் கால்வாயில் இன்னும் தூர் இருக்கிறது. கலங்கல் வழிந்து ஆண்டுகள் ஆகின்றன. மேலும், சிறுமியின் படம் சாட்சியமாகாது. எல்லையைச் சொல்வது புலப்படமும் அளவைச் சங்கிலியுமே. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உடைய ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் உள்ளன. ஆனால் சட்டமும் அலுவலகமும் தாமாக எழுந்து வருவதில்லை. எவரேனும் ஒருவர் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் எவரேனும் ஒருவர் பார்க்க வேண்டும். அவ்வூரில் முதலிற் பார்த்தது, கொக்கையும் கல்லையும் வேறுபடுத்தி அறிந்த ஒரு சிறுமியின் கண்.

ஆண்டுதோறும் அதே இடம்

இதிலிருந்து ஒரு யோசனை பிறக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில், அதே கரையில், அதே கல்லருகே அமர்ந்து 7-ஆம் வகுப்புப் பிள்ளைகள் ஏரியை வரையட்டும். சிறந்த ஐந்து படங்களைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு பெட்டியில் சேர்த்து வைப்போம். "சிறந்தது" என்பதற்கு அழகியது என்று பொருள் கொள்ளாமல், கண்டதை விடாமற் காட்டியது என்று பொருள் கொள்வோம். பத்தாண்டுகளில் ஐம்பது படங்கள் சேரும். நீர் எங்கிருந்து எங்கே பின்வாங்கியது, எந்த மரம் விழுந்தது, எங்கே வேலிக்காத்தான் புகுந்தது, எங்கே கூரை எழுந்தது என்பதெல்லாம் அவற்றில் வரிசையாகத் தெரியும். புகைப்படக் கருவி இதைச் செய்யாதோ என்று கேட்கலாம். செய்யும், அதுவும் எடுக்கட்டும். ஆனால் புகைப்படம் எடுக்க ஒரு நொடி போதும். வரைவதற்கு ஒரு பிள்ளை இரண்டு மணி நேரம் தன் ஊரை இமையாது நோக்க வேண்டும். பஞ்சாயத்திற்கு வேண்டியது படம் மட்டுமன்று. அவ்வாறு நோக்கிய பிள்ளையும் வேண்டும். அப்பிள்ளையே நாளை அவ்வூரின் வாக்காளர், உறுப்பினர், தலைவர்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

பெருஞ்செலவு எதுவும் வேண்டா. கிராம வளர்ச்சித் திட்டம் வகுக்கும்போது குழந்தைகள் நலனுக்கான இனங்களோடு தாளும் வண்ணமும் வாங்குவதைச் சேர்த்துக் கேட்கலாம். ஊர்ப் பெரியவர் இருவரைக் காவலுக்கு அனுப்பலாம். சுயஉதவிக் குழுத் தாய்மார் பொங்கலோ இட்டிலியோ செய்து கொடுக்கலாம். கிராமசபை நாளில் ஒரு கயிறும் இருபது துணிக் கவ்விகளும் கொடுத்தால் கண்காட்சி அமைந்துவிடும். ஓவிய ஆசிரியர் இல்லாத பள்ளிகளில் எந்த ஆசிரியரும் இதனை நடத்தலாம். வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பார்க்கச் சொல்லத் தெரிந்திருந்தாற் போதும்.

நம் முன்னோர் வெட்டிய ஏரிகள் நம் கைக்கு வந்தன. அவற்றை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் முன், அவை எப்படியிருக்கும் என்பதையேனும் அத்தலைமுறை அறிந்திருத்தல் வேண்டும். வருகின்ற தை மாதத்தில், அறுவடை வேலை சற்று ஓய்ந்த ஒரு காலைப்பொழுதை இதற்கென ஒதுக்குமாறு பஞ்சாயத்து அன்பர்களையும் ஆசிரியப் பெருமக்களையும் வேண்டிக்கொள்கின்றோம். இரட்டை மலையைத் தாளினின்றும் இறக்கிவிட்டு, நம் ஊர்ப் பனையை அங்கே ஏற்றுவோம்.